யாரோடு கேட்ட பாட்டு?



மாதாமாதம் இந்த நூலக வாசகர் வட்டத்தில் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த மாதம் பழைய பாட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். என்ன பேசுவது என்று யோசிக்காமல் எதைக் கொண்டுவருவது என்று யோசித்தேன். இரண்டு பொருள்கள் கொண்டுவந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கின்றன. ஒன்று 78 சுற்று இசைத்தட்டு. இன்னொன்று ஒரு கேசட். கேசட்டைக் கடைசியில் எடுக்கிறேன்.

எனக்கு ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். உப்பளம், புகையிலை, மீன் இந்த மூன்றும்தான் பிழைப்பு. என் சித்தப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். ஊரில் 'ரேடியோசெட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டு சுற்றும் பெட்டி, இரண்டு குழாய், ஒரு பேட்டரி, ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இதுதான் அவருடைய முதல். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே மாட்டுவண்டியில் சாமான்கள் போகும். நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவதுதான் என் வேலை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பெட்டி அடிபடக் கூடாது. அரக்கும் கல்பொடியும் கலந்து செய்த தட்டு அது. கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும்.

இதைக் கையில் வாங்கிப் பாருங்கள். விளிம்பைப் பிடித்துத்தான் வாங்க வேண்டும், கோடுகளில் விரல் படக் கூடாது. சித்தப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கனம் தெரிகிறதா? ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சில நொடிகளும்தான் பதிய முடியும். நம்முடைய சினிமாப் பாட்டுக்கு ஓர் அளவு அமைந்ததற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். படத்தில் ஐந்து நிமிடம் ஓடுகிற பாட்டைத் தட்டுக்காகச் சுருக்குவார்கள். ஒரு சரணம் போய்விடும். தட்டில் மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் டூரிங் டாக்கீஸில் படம் பார்க்கும்போது, தெரிந்த பாட்டில் தெரியாத சரணம் ஒன்று வரும். மணலில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் அந்த இடத்தில் சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாட்டு நினைவில்லை.

சித்தப்பாவிடம் இருந்த தட்டுகளில் பெரும்பாலானவை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் அழுத்தி எடுத்தவை. அங்கிருந்து மதராஸ், மதராஸிலிருந்து தஞ்சாவூர் கடை, கடையிலிருந்து எங்கள் டிரங்குப் பெட்டி. பாகவதர் தட்டுகளைத் தனி உறையில் வைத்திருப்பார். அவர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-இல் வந்த படம். மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதன் பாட்டுகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எப்போதும் விடியற்காலையில்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து பல் விளக்குகிற நேரம். சித்தப்பா குழாயைத் தென்னை மரத்தில் கட்டி, வாயைப் பக்கத்து ஊர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பார். கல்யாணம் நம் ஊரில் என்றால் பாட்டு அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்பது கணக்கு. முதலில் பிள்ளையார் பாட்டு. பிறகு இரண்டு சாமி பாட்டு. அதற்கப்புறம்தான் சினிமா. இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்ற மாட்டார். தாலி கட்டும் நேரத்தில் நாகசுரத்துக்கு வழிவிட்டு நிறுத்திவிடுவார். சாப்பாட்டுப் பந்தி தொடங்கினால் தமாஷ் பாட்டு. சந்திரபாபு. மத்தியானம் பெரியவர்கள் பாயில் சாயும்போது 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு. அந்தப் படம் 1965-இல் வந்தது. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் தருமி வசனம் தெரியாத ஆளே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நாகேஷ் மூச்சு வாங்குகிற இடத்தில் தாங்களும் மூச்சு வாங்கி, ஏற்ற இறக்கத்தோடு சொல்வார்கள்.

தேய்ந்த தட்டில் முள் ஒரே கோட்டில் மாட்டிக்கொள்ளும். பாடகர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். சித்தப்பா பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு ஓடிவந்து, முள்கைமேல் ஒரு நாலணாவை வைப்பார். கனம் கூடினதும் முள் தாண்டிவிடும். கல்யாணம் முடிந்த பிறகும் அந்த நாலணா பெட்டிக்குள்ளேயே இருக்கும். எத்தனை கஷ்டம் வந்தாலும் அதைச் செலவழிக்க மாட்டார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நாங்கள் கேட்ட எந்தப் பாட்டையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சித்தப்பா போட்டார், ஊர் கேட்டது. வேண்டும் என்றவனும் கேட்டான், வேண்டாம் என்றவனும் கேட்டான். நாற்று நட்டுக்கொண்டிருந்தவளும் கேட்டாள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவனும் கேட்டான். பாட்டோடு கூடவே ஊரும் காதில் ஏறிவிட்டது. இன்றைக்கு ஒரு பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவரிடம் போய், என்ன ராகம், யார் இசை என்று கேட்டுப் பயனில்லை. யாரோடு கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வானொலி. வேதாரண்யத்துக்காரன் வானொலியைப் பற்றிப் பேசினால் இலங்கை வானொலியைப் பற்றித்தான் பேசுவான். எங்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். திருச்சி நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த ஆற்றல்மிக்க ஒலிபரப்பி, போர் முடிந்த பிறகு இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தது. படைவீரர்களுக்காக வைத்த எந்திரம் பிறகு டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் கடல் தாண்டிக் கொண்டுவந்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை. செவ்வியல் இசையைக் கேட்டால் மக்களின் ரசனை உயரும் என்று நம்பினார். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். படத் தயாரிப்பாளர்கள் மனம் கசந்து, பாட்டு ஒலிபரப்பும் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உப்பளத்தில் விடிகாலை நாலு மணிக்கு இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறுகிற ஆளுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று தில்லியில் இருந்துகொண்டு முடிவு செய்தது தவறு. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது. அதற்குள் எங்கள் ஊர் வானொலி முள் கொழும்பில் நின்றுவிட்டது.

வானொலிப் பெட்டி வைத்திருக்க அப்போது உரிமம் வேண்டும். தபாலாபீசில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. எங்கள் தெருவில் அந்தப் புத்தகம் இருந்த வீடு எங்களுடையது மட்டும். மர்ஃபி பெட்டி. கூரைமேல் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே வலைக்கம்பி கட்டியிருக்கும். பெட்டி திண்ணையில் இருக்கும். பெட்டி எங்களுடையது, திண்ணை எல்லோருடையது.

காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அது தொடங்கினால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கிளம்ப வேண்டும் என்று பொருள். எங்கள் வீட்டில் கடிகாரம் வந்தது வெகுநாள் கழித்துத்தான். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது. இவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் தெருவில் வந்து 'யார் வீட்டில்?' என்று குரல் கொடுத்தால் கதவைத் திறந்து உள்ளே வா என்று சொல்லியிருப்போம். கே.எஸ். ராஜா ஒரு மூச்சில் இருபது சொல் சொல்வார், ஒரு சொல்லும் மழுங்காது. ராஜேஸ்வரி அம்மாவின் குரலில் 'இசையும் கதையும்' கேட்டுவிட்டு, கதையில் வருகிற பெண்ணுக்காக என் அத்தை ஒருநாள் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டுக்கேட்டு, மின்சாரம் போன இரவுகளில் எங்கள் திண்ணையிலும் இரண்டு கட்சி பிரிந்து உட்கார்ந்துவிடும். முதல் எழுத்து கொடுப்பது எப்போதும் என் அம்மா. தோற்கிற கட்சிக்கு எளிதான எழுத்தைக் கொடுப்பாள்.

அந்த அறிவிப்பாளர்கள் செய்த ஒரு காரியத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்வார்கள். அதனால்தான் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் ஜி. ராமநாதன் யார், கே.வி. மகாதேவன் யார், உடுமலை நாராயணகவி யார் என்று தெரிந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று கொழும்பிலிருந்து சொல்லும்போது எங்கள் திண்ணையில் இருக்கிற உப்பளத்து ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம்ம பக்கத்து ஆள். அவரும் ஒரு காலத்தில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். 29 வயதில், 1959-இல் போய்விட்டார். அவர் இறந்து எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும், வானொலியில் பெயர் வருகிறபோதெல்லாம் யாராவது ஒருவர், "இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுவார். இன்றைக்கு ஒரு பாட்டை எத்தனை கோடிப் பேர் கேட்டார்கள் என்று கைப்பேசி காட்டுகிறது. எழுதியவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

என் அக்கா 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டாள். வெளிநாட்டுத் தபால்தலை வாங்க அம்மாவிடம் இரண்டு நாள் கெஞ்சினாள். போட்டுவிட்டு ஒரு மாதம் திண்ணையை விட்டு நகரவில்லை. பிறகு அலுத்துப்போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் அவள் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திடீரென்று பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர். அடுத்து அக்காவின் பெயர். திண்ணையில் இருந்த பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள். நான் ஓடினேன். அக்கா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்து சேர்ந்தபோது பாட்டின் கடைசிச் சரணம் போய்க்கொண்டிருந்தது. "எம் பேரச் சொன்னாங்களா? எப்புடிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அவளுக்குச் சொல்லிக்காட்டினார்கள். எதிர்வீட்டுத் தாத்தா அந்த யாழ்ப்பாணத்து உச்சரிப்போடு சொன்னார். அக்காவுக்கு இப்போது எழுபது வயது. தன் பெயரைத் தான் கேட்கவில்லை என்ற குறை அவளுக்கு இல்லை. பத்துப் பேர் வாயால் கேட்டாள்.

'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக முடியாது. அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி என்று உறவு முழுவதையும் படிப்பார்கள். கூடவே ஊர்ப்பெயர்கள். சுன்னாகம், மானிப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஹட்டன், பதுளை. பூகோளப் புத்தகம் சொல்லித்தராத ஊர்களெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். யாரோ ஒரு குழந்தைக்கு மானிப்பாயில் மூன்று வயது நிறைகிறது என்று எங்கள் திண்ணையில் சந்தோஷப்படுவார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த நிகழ்ச்சி விட்டுவந்த உறவின் குரல். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே ஊர்ப்பெயர்கள் செய்தித்தாளில் வரத் தொடங்கின. படிக்கும்போது எங்களுக்கு அவை யாரோ ஒருவரின் ஊராகத் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்போது என்ன வயது இருக்கும் என்று அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இன்றைய பாட்டைத் திட்டிவிட்டுத்தான் போவது வழக்கமாகிவிட்டது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். என் தாத்தாவுக்கு எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு மேல் பாட்டுக்காரர் கிடையாது. பாகவதரையே அரைமனதாகத்தான் ஒப்புக்கொள்வார். என் அப்பாவுக்குப் பாகவதரோடு பாட்டு முடிந்தது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையை மேற்கத்திய வாசனை என்று சொன்னார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, விஸ்வநாதனையே உயிராக நினைத்த என் சித்தப்பா தட்டை வாங்கத் தயங்கினார். கல்யாண வீட்டுப் பெண்கள் கேட்டதால் வாங்கினார். மூன்றாம் நாள் ஆளில்லாத நேரத்தில் தனக்காக ஒருமுறை போட்டுக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. தட்டைத் துடைத்துப் பாகவதர் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இப்போது கேசட்.

1980களில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். என் அண்ணனும் போனார். விடுமுறைக்கு வரும்போது நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் ஒன்று கொண்டுவந்தார். எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு அது பெரிய வரம். வெற்று கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிற ஆளிடம் கொடுத்துவிடலாம். என் அம்மா 1982-இல் ஒரு கேசட் முழுக்கப் பேசினாள். பக்கத்துக்கு முப்பது நிமிடம், இரண்டு பக்கமும். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு நிறுத்தவே இல்லை. அண்ணன் அதை அறையில் இரவு இரவாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிட்டார். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. அடுத்த விடுமுறையில் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

1985-இல் எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. தனி அறை. கேட்கப் பாட்டு வேண்டும். ரெக்கார்டிங் சென்டருக்கு ஒரு பட்டியல் எழுதினேன். 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'ஆலயமணி', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கற்பகம்' என்று எல்லாம் அறுபதுகளின் பாட்டு. புதுக் கேசட் வாங்கக் காசு இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இது அம்மா பேசிய கேசட் என்று தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆள் இங்கே இருக்கும்போது குரல் எதற்கு என்று தோன்றியது. அவளிடமே கேட்டேன். "எடுத்துக்கடா, நான் என்ன பெரிய பாட்டா பாடியிருக்கேன்" என்றாள். கடைக்காரர் உடைந்த தாழ் இருந்த பள்ளத்தில் ஒட்டுத்தாளை ஒட்டி, பாட்டுகளைப் பதிந்து கொடுத்தார்.

அம்மா 1991-இல் இறந்தாள்.

அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்றைக்கு என் கைப்பேசியில் இருக்கின்றன. அன்றைக்குக் கேட்டதைவிடத் துல்லியமாக இருக்கின்றன. எந்தப் பாட்டும் அழிந்துபோகவில்லை. அழிந்தது எது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் உடைத்த தாழின்மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், கேசட்டைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

அந்த ரெக்கார்டிங் சென்டர்காரர் ஒரு கொள்கைக்காரர். பக்கம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் அடுத்த பாட்டைத் தொடங்கிப் பாதியில் வெட்ட மாட்டார். பாட்டை வெட்டுவது பாவம் என்பார். பதிவதை நிறுத்திவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன், பழைய கேசட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இதன் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா பேசினாள்.

ஒரு நிமிடமும் சில நொடிகளும். பதிவு எந்திரம் நின்றுவிட்டதால் அந்த நுனி மட்டும் அழியவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது என்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு என்கிறாள். நடுவில் பேச்சை நிறுத்தி, "அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறைங்கடா, பேசிக்கிட்டிருக்கேன்ல" என்கிறாள். திண்ணையில் மர்ஃபி பாடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். குறைக்கவில்லை. அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் கடைசிவரை அந்தப் பாட்டு ஓடுகிறது. பெண் குரல். கடல் அலை மாதிரி ஏறியும் இறங்கியும் வருகிறது. இலங்கை வானொலிதான்.

அது என்ன பாட்டு என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. எத்தனையோ முறை போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாட்டைக் கேட்க வேண்டும் என்றுதான் உட்காருகிறேன். அம்மா பேசத் தொடங்கியதும் அதைத்தான் கேட்கிறேன். பாட்டு கைநழுவிவிடுகிறது. இந்த அவையில் என்னைவிட வயதில் மூத்தவர்கள் இருக்கிறீர்கள், என்னைவிட நல்ல காதுக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் சில நொடி இரைச்சலாக இருக்கும். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். போடுகிறேன்.